நத்தைக்காரரின் கடைசிப் பக்கம்

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைக்காரருக்காக இரண்டு பேர் தலை முழுகியிருக்கிறோம். அவர் எங்களைப் பார்த்ததில்லை. நாங்களும் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய பெயரைக்கூட அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. முதலில் முழுகியவள் நான், விடியற்காலையில், யாருக்கும் தெரியாமல். அடுத்தவர் அப்பா, நடுப்பகலில், பங்களாவுக்கு விருந்தாளிகள் வருகிற நேரமாகப் பார்த்து. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்.

பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம் அது. பண்டாரவளையோடு தண்டவாளம் நின்றுவிடும். அங்கிருந்து தபால்காரர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பூனாகலைப் பக்கத்து மலையேறி எங்கள் தோட்டத்துக்கு வருவார். அப்பா பெரிய துரையின் பங்களாவில் சமையல். அந்த வேலையில் இருப்பவரை அங்கே அப்பு என்பார்கள். நாங்கள் தோட்டத்துக் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் இல்லாமல் பங்களாக் குசினிக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். அதனால் லயத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு யோகம் எனக்கு அடித்தது. வாரா வாரம் துரைக்குச் சீமையிலிருந்து ஒரு படப் பத்திரிகை வரும். துரை பார்த்து, துரைசாணி பார்த்து, வராந்தா அலமாரியில் இரண்டு மூன்று மாதம் தூங்கிவிட்டு, கடைசியில் அடுப்புப் பற்றவைக்கக் குசினிக்கு வந்து சேரும். அடுப்புக்குப் போகுமுன் கடைசிப் பக்கத்தை மட்டும் உருவி அப்பா என்னிடம் தருவார்.

அந்தப் பக்கத்தில் ஆறு கட்டங்கள். ஆறிலும் ஒரே ஆள்தான். நீண்ட கழுத்து, கையில் மூடிய குடை, காலடியில் வாலில்லாத ஒரு நாய். முதல் கட்டத்தில் குடைக்காரர் கம்பீரமாக வீட்டைவிட்டுக் கிளம்புவார். ஆறாவது கட்டத்தில் சேற்றிலோ குளத்திலோ யாருடைய கூரைமேலோ கிடப்பார். மூலையில் ஒரு குட்டி நத்தை கொம்பை நீட்டிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருக்கும். கதை எதுவானாலும் நத்தை உண்டு. தேயிலைப் பெட்டிமேல் தோட்டத்து மார்க் போடுவது மாதிரி, வரைகிற ஆள் போடுகிற மார்க் அது என்று அப்பாதான் சொன்னார். அன்றிலிருந்து அவர் எனக்கு நத்தைக்காரர்.

ஒரு கட்டத்தில் குடைக்காரர் ஏணியின் உச்சியில் ஒரு காலைத் தூக்கியிருப்பார். அடுத்த கட்டத்தில் ஏணி மட்டும் நிற்கும், புதருக்கு மேலே இரண்டு சப்பாத்துக் கால் தெரியும். அவர் விழுந்ததை நத்தைக்காரர் வரையவே இல்லை. ஆனால் நான் பார்த்தேன். தொப்பென்று சத்தம்கூடக் கேட்டது. இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த விரல் அகல வெள்ளை இடத்தில் அது நடந்திருந்தது. இது என்ன வித்தை என்று யோசித்து யோசித்துச் சோறு இறங்காமல் இரண்டு நாள் திரிந்தேன். அப்புறம் நானும் கட்டம் போட ஆரம்பித்தேன். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் மிஞ்சும் துண்டுகளை அப்பா தேயிலை ஸ்டோரில் கேட்டு வாங்கி வருவார். அதில் ஆணியால் கீறினால் பளிச்சென்று கோடு விழும். எங்கள் தபால்காரரை நான் எத்தனை பள்ளத்தில் விழவைத்தேன் என்பது அந்த நல்ல மனிதருக்குக் கடைசிவரை தெரியாது.

அப்பாமேல் எனக்கு ஒரே ஒரு குறைதான். அவர் தருகிற பக்கத்தில் எப்போதும் வெண்ணெய்க் கறை இருக்கும். ஓரத்தில் பட்டிருந்தால் பரவாயில்லை, படத்துக்கு நடுவிலேயே இங்கொன்றும் அங்கொன்றுமாக அப்பியிருக்கும். பார்க்காமல் கொள்ளாமல் தொட்டுவிடுகிறாரே என்று சிணுங்குவேன். "கையக் கழுவிட்டுத்தான் ஆத்தா எடுத்தேன்" என்று கூசாமல் பொய் சொல்வார்.

அந்த வருஷம் அம்மா மாசமாக இருந்தாள். எனக்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டாவது தடவை அம்மாவே பிழைப்பாளா என்று ஆகிவிட்டதாகப் பேசிக்கொள்வார்கள். அதனால் இந்தத் தடவை ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்பாவின் அக்காவை முன்கூட்டியே வரவழைத்திருந்தார்கள். அத்தைக்குத் தெரியாத சகுனம் பூமியில் இல்லை. லயத்தில் சாவு விழுந்து தப்பு அடிக்கும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் அம்மாவின் காதில் பஞ்சை அடைப்பாள். தப்பு நின்ற பிறகும் பஞ்சை எடுக்க மறந்துவிடுவாள். அம்மா பாதி நாள் ஒன்றும் காதில் விழாமலே உட்கார்ந்திருப்பாள்.

அத்தை சொன்னவற்றில் ஒன்று என் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. நல்ல செய்தி சொல்லும் கடுதாசிக்கு நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும். சாவுக் கடுதாசிக்கு ஓரமெல்லாம் கறுப்பு. கறுப்பு வந்தால் வாசலுக்கு வெளியே நின்று படித்துவிட்டு அந்த இடத்திலேயே கிழித்துப் போட வேண்டும். வேண்டியவர் சாவானால் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஹாலிஎலயில் ஒருவர் சாவுக் கடுதாசியைக் கிழிக்க மறந்து மடியில் செருகியபடி வீட்டுக்குள் வந்துவிட்டாராம். அந்த வீட்டு மருமகள் அப்போது நிறைமாசம். எட்டாம் நாள் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அத்தை இதைச் சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தாள். எதற்கு என்னைப் பார்த்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. அதுவரை நான் ஒரு குற்றமும் செய்திருக்கவில்லை.

செய்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. காலையில் பங்களா முற்றத்தில் உதிர்ந்த பூவைப் பெருக்குவது என் வேலை. தபால் பை வந்து, துரை கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு தேயிலை மலைக்குப் போய்விட்டார். பத்திரிகை வராந்தா நாற்காலியில் கிடந்தது. காற்று அதைப் புரட்டிப் புரட்டி விளையாடியது. கடைசிப் பக்கம் திரும்பியபோது நான் விளக்குமாறைக் கீழே போட்டுவிட்டேன்.

பக்கத்தைச் சுற்றி நாலு ஓரத்திலும் பெருவிரல் அகலத்துக்குக் கறுப்பு. உள்ளே ஆறு கட்டம் இல்லை. ஒரே ஒரு பெரிய படம்தான். சுவரில் மூடிய குடை சாய்ந்திருந்தது. சற்றுத் தள்ளி வாலில்லாத நாய் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. குடைக்காரரைக் காணவில்லை. குடைக்காரர் எங்காவது விழுந்திருப்பார், அடுத்த வாரம் எழுந்துவிடுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மூலையைப் பார்த்தேன். நத்தையின் ஓடு மட்டும் இருந்தது. உள்ளே நத்தை இல்லை. அந்த ஓட்டை வரைந்தது வேறு யாரோ என்று கோட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

நத்தைக்காரர் செத்துவிட்டார். இந்தப் பக்கம் எனக்கு முறைப்படி வந்து சேர மூன்று மாதமாகும். அதுவரை அதை அலமாரியில் விட்டு வைக்க முடியாது என்று மட்டும் தோன்றியது. செத்துப்போனவரைத் தனியே விடக்கூடாது என்று நினைத்தேனோ என்னவோ. இழுத்தேன், தாள் கையோடு வந்துவிட்டது. பாவாடைக்குள் செருகிக்கொண்டு எங்கள் வாசல்வரை ஓடினேன். படியில் கால் வைக்கும்போதுதான் ஹாலிஎல மருமகள் ஞாபகத்துக்கு வந்தாள்.

காலை எடுத்துவிட்டேன். ஆனால் பெருவிரல் படியில் பட்டதா இல்லையா என்று சந்தேகம். அன்று முழுவதும் அந்தச் சந்தேகத்திலேயே போயிற்று. முதலில் பக்கத்தை விறகுக் கொட்டிலில் ஒளித்தேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துவிடுமே என்று எடுத்தேன். குசினியில் வைத்தால் அப்பா கண்ணில் படும். கடைசியில் எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே, தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில் இருந்த இடுக்கில் தட்டையாகச் செருகினேன். செருகிய பிறகு புதுக் கவலை வந்தது. நிலைக்கு மேலே என்பது வீட்டுக்கு உள்ளா, வெளியா? வெளியே என்றால் தப்பித்தோம். உள்ளே என்றால் அம்மாவைக் கொல்வது நான்தான்.

கேட்கவும் ஆளில்லை. அத்தையிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். நிலைக்கு மேல குருவி கூடு கட்டினா அது வீட்டுக் குருவியா காட்டுக் குருவியா அத்தை என்றேன். "காலங்காத்தால குருவிய பத்தி என்னடி பேச்சு? நீ எதையாச்சும் பாத்தியா?" என்று அவள் பதறிப்போய் அம்மாவின் காதில் பஞ்சை அடைத்தாள்.

வியாழக்கிழமை பங்களாவில் சத்தம். அந்தத் தாளின் மறுபக்கத்தில் குதிரைப் பந்தயச் சேதி இருந்திருக்கிறது. நத்தைக்காரர் செத்தது துரைக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, குதிரைதான் வேண்டும். "அப்பு! நம்ம பேப்பர்லே ஒரு தாள் இல்லே. யார் எடுக்கிறான்?" என்று வராந்தாவில் நின்று கத்தினார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "காத்துல போயிருக்குங்க தொரை, நான் தேடிப் பாக்கிறேன்" என்றார். குசினி ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

அம்மா அன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் நாலு தடவை போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் தலைக்கு நேர் மேலே அந்தக் கறுப்பு இருந்தது. கிழித்துவிடலாம் என்றால், நத்தைக்காரரின் கடைசித் தாள் அது. எரித்துவிடலாம் என்றால் நெஞ்சு ஒப்பவில்லை. வைத்திருந்தால் அம்மா போய்விடுவாள்.

முழுகினால் தீட்டுக் கழிந்துவிடும் என்பது ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிக்கும்போதே எழுந்து பீலிக்கு ஓடினேன். மலைத் தண்ணீர் மூங்கிலிலிருந்து கொட்டும் இடம் அது. மார்கழிக் குளிரில் அதன் கீழே தலையைக் கொடுப்பது பெரியவர்களாலேயே முடியாது. பல் கிட்டிக்கொள்ள நின்று முழுகினேன். முழுகும்போது செத்தவர் பெயரைச் சொல்லி அழ வேண்டும் என்று பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாததால் "நத்தைக்காரரே, நத்தைக்காரரே" என்று அழுதேன். அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உண்மையாகவே எவ்வளவு துக்கம் இருந்தது என்று தெரிந்தது. இனி எந்த வாரமும் குடைக்காரர் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார். எனக்கு இனி யார் கட்டம் போடக் காட்டிக்கொடுப்பார்? ஈரத் தலையோடு திரும்பியபோது அத்தை பிடித்துக்கொண்டாள். வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். பொய் சொல்வது எங்கள் வீட்டில் அப்பாவோடு நிற்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது.

அத்தை என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். லயத்திலிருந்து மருத்துவச்சி வந்து உள்ளே போனாள். அன்றைக்குப் பார்த்துப் பங்களாவில் டென்னிஸ் ஆட்டம். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்கள் வருகிறார்கள். அப்பா குசினியில் நின்று சாண்ட்விச்சுக்கு ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தார். துரைசாணிக்கு ரொட்டியின் ஓரம் ஆகாது. வெண்ணெய் தடவி, இரண்டு துண்டையும் ஒட்டி, நாலு ஓரத்தையும் நூல் பிடித்த மாதிரி அறுத்து எடுத்துவிட வேண்டும். அம்மாவின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பாவின் கத்தி நின்று நின்று போயிற்று.

வெயில் உச்சிக்கு ஏறியும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி வெளியே வந்து வெந்நீர் கேட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். உள்ளே அம்மாவின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. சத்தம் குறைவது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்குத் தெரியாது. கெட்டதற்கு என்றே முடிவு செய்தேன். ஒரு விறகுக் கட்டையை உருட்டி வந்து வாசலில் போட்டு, அதன்மேல் ஏறி, நிலைக்கு மேலிருந்து பக்கத்தை எடுத்தேன். வாசலுக்கு வெளியே பத்தடி தள்ளிப்போய் நின்றேன். மேல் ஓரத்தில் இரண்டு விரலை வைத்துக் கிழித்தேன். ஒரு விரற்கடை கிழிந்தது. அதற்குமேல் என் கை போகவில்லை. நாய் என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. நான் அங்கேயே நின்று ஓவென்று அழுதுவிட்டேன்.

அப்பா ஓடி வந்தார். உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். கையில் ரொட்டிக் கத்தியோடு அப்படியே வந்துவிட்டார். என் கையிலிருந்த கறுப்பைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். திருடியது, ஒளித்தது, படியில் பெருவிரல் பட்டது, ஹாலிஎல மருமகள், அம்மா சாகப்போவது. அப்பா பக்கத்தை வாங்கிக்கொண்டார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடினேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே பெண்டாட்டி பிள்ளைப்பேற்றில் கிடக்க, குசினியில் பாதி ரொட்டி காய, இவர் எதற்கு இவ்வளவு நேரம் ஒரு படத்தைப் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

"எங்க வெச்சிருந்தே?"

"நெலைக்கு மேல."

அப்பா நிலையை அண்ணாந்து பார்த்தார். நன்றாக யோசித்தார். "நெலைக்கு மேலன்னா உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. ஒண்ணும் ஆகாது" என்றார். ஐந்து நாளாக என்னைத் தின்றுகொண்டிருந்த வழக்குக்கு அப்படித் தீர்ப்பானது.

பிறகு குசினிப் படியில் ரொட்டிப் பலகையைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தை அதன்மேல் விரித்தார். நான் வேண்டாம் அப்பா என்று அவர் கையைப் பிடித்தேன். "சும்மா இரு" என்று சொல்லிவிட்டுக் கத்தியை வைத்தார். மேல் ஓரம், கீழ் ஓரம், இடது ஓரம், வலது ஓரம். துரைசாணியின் ரொட்டிக்குச் செய்வது போலவே நாலு கறுப்புப் பட்டையும் தனித்தனியாக வந்துவிட்டன. அவற்றை வாரித் தண்ணீர்க் கானில் போட்டார். ஓடுகிற தண்ணீர் கொண்டு போயிற்று.

"சாவுக் கடுதாசியக் கிழிக்கணும். கிழிச்சாச்சு. இது வெறும் படம். நீ வெச்சுக்க."

படத்தை என் கையில் கொடுத்துவிட்டு அப்பா குசினிக்குப் போகவில்லை. நேரே பீலிக்குப் போனார். சட்டையோடு தண்ணீருக்குக் கீழே நின்று மூன்று தடவை முழுகினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் திரும்பிவந்து மற்ற வேலையைப் பார்த்தார். அந்தக் கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து ஒரு பக்கமாக வைத்துவிட்டார். சாவுக் கறுப்பை அறுத்த கத்தியால் இனிச் சாப்பாட்டைத் தொட மாட்டார். அதனால் மீதி சாண்ட்விச்செல்லாம் ஓரத்தோடு போயின. துரைமார்கள் சிரித்ததாகவும் துரைசாணிக்கு முகம் சிவந்துவிட்டதாகவும் அப்புறம் கேள்விப்பட்டோம். அதற்காக அப்பா வாங்கிய ஏச்சு ஒரு வாரம் ஓடியது.

சாண்ட்விச்சுத் தட்டு பங்களாவுக்குள் போன கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. நான் அப்பாவின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை கதவைத் திறந்து, பொம்பளப் பிள்ள, தாயும் நல்லா இருக்கா என்றாள். எல்லாம் பஞ்சின் மகிமை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பிறகுதான் அப்பாவின் தலையைக் கவனித்தாள்.

"யாருக்குடா தம்பி முழுகுனே?"

"வேண்டியவரு ஒருத்தரு தவறிட்டாருக்கா."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவிடம் பதினாறு நாளைக்கு மூச்சு விடக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினாள். பிறகு ஊர் திரும்பும்வரை எங்கள் சொந்தத்தில் யார் குறைகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது அவளுக்குப் பெரிய குழப்பம்.

நான் பிற்காலத்தில் கொழும்பில் ஒரு வாரப் பத்திரிகைக்குப் படக்கதை போட வந்தேன். இன்றும் ஆறு கட்டம்தான். விழுவதை இன்றுவரை நான் வரைந்ததில்லை. மூலையில் நத்தை போட மனம் வரவில்லை, அது அவருடைய மார்க். மூடிய குடை ஒன்றைச் சிறிதாகப் போடுகிறேன்.

அப்பா தவறிய கடிதமும் கறுப்பு ஓரத்தோடுதான் வந்தது. வாசலில் நின்று படித்து, கிழித்து, முழுகினேன். கொஞ்ச நாள் கழித்து, அவர் ஸ்டோரில் கேட்டு வாங்கித் தந்த ஈயத்தாளில் சுற்றி வைத்திருந்த பழைய பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். வெண்ணெய்க் கறைகள் பழுப்பேறியிருந்தன. ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் கட்டத்தில் அழுத்தமான ஒரு விரல் தடம். இரண்டாவதில் சற்று மங்கல். மூன்றாவதில் இன்னும் மங்கல். அப்படியே போய் ஆறாவதில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு நிழல். அடுத்த பக்கமும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. ஒரு கட்டம்கூட விடாமல், வரிசை மாறாமல், விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் எனக்குத் தந்திருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு தடம். குடைக்கும் நாய்க்கும் நடுவே, ஆள் நிற்க வேண்டிய வெற்றிடத்தில். விரலை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தால்தான் காகிதம் அப்படி ஊறும்.

வேண்டியவர் ஒருவர் தவறிவிட்டார் என்று அன்று அத்தையிடம் அவர் சொன்னபோது, என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அப்பா எவ்வளவு நன்றாகப் பொய் சொல்கிறார் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர் பொய் சொல்லவில்லை.